கதிர்விதையும் கணக்குச் சிட்டையும்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையொன்றிற் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நோயாளியின் கையில் மருந்துத் துண்டு இருக்கும். அடுத்த முறை வரவேண்டிய நாளைக் குறித்த அட்டை இருக்கும். கட்டணச் சிட்டை இராது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் நிலைமை வேறு. அங்கே சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழிந்தபின் தபாலில் ஓர் உறை வரும். உள்ளேயிருக்கும் தாளில் ஐந்திலக்க எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு சுருக்கச் சொற்றொடர், ஓர் அளவு, ஒரு தொகை. புற்றுநோய்க்காக உடலினுள்ளே கதிர்விதை வைக்கப்பெற்ற முதியவர் ஒருவர் அத்தாளை மூக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு படித்தாலும், தமக்குச் செய்யப்பட்டது யாது என்பதை அதிலிருந்து அறிந்துகொள்ளல் அரிது. ஆயினும் அவருக்குச் செய்யப்பட்டவை யாவும் அந்த எண்களுக்குள்ளேதான் அடங்கியிருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன, எவற்றை எண்ணுகின்றன, எண்ணத் தவறினால் யாருக்கு என்ன நேரும் என்பனவே இப்பேச்சின் பொருள்.

புற்றுநோய்க்குக் கதிர் கொண்டு சிகிச்சை செய்வதில் இரு முறைகள் உள. ஒன்று, உடலுக்கு வெளியே நிற்கும் பெரிய பொறியிலிருந்து கதிரை நோயுள்ள இடத்தின்மேற் பாய்ச்சுவது. மற்றது, கதிர்வீசும் பொருளையே ஊசியிலோ குழாயிலோ விதையிலோ அடைத்து, நோய்க்கட்டியின் உள்ளே, அல்லது அதனை ஒட்டினாற்போல், வைத்துவிடுவது. பின்னையதைக் கிரேக்கச் சொல்லொன்றால் 'பிறக்கிதெரப்பி' என்பர். குறுகிய தூரத்திலிருந்து செய்யும் சிகிச்சை என்பது அதன் பொருள். அண்மைக் கதிர்ச் சிகிச்சை எனத் தமிழிற் கூறலாம். குப்பி விளக்கின் அருகே பிடித்த எழுத்துத் தெளிவாகத் தெரிய, அறையின் மூலை இருண்டு கிடப்பதைக் கண்டவர்க்கு இதன் தத்துவம் விளங்கும். தூரம் இரட்டித்தாற் கதிரின் வலிமை நாலில் ஒன்றாகக் குறைந்துபோகும். எனவே கட்டிக்குள்ளே வைத்த கதிர் கட்டியைச் சுடும்; அதற்கப்பால் உள்ள நல்ல உறுப்புக்களைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

இச்சிகிச்சை இரேடியத்தோடு பிறந்தது. கியூரி தம்பதிகள் 1898 இல் இரேடியத்தைக் கண்டறிந்தனர். மூன்றே ஆண்டுகளில், 1901 இல், பாரிசு நகரத்துச் சென் லூயி வைத்தியசாலையில் டான்லோ என்னும் தோல் வைத்தியர் பியர் கியூரியிடமிருந்து சிறிதளவு இரேடியம் பெற்றுத் தோல் நோய்க்கு வைத்துப் பார்த்தார். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் கிரகாம் பெல்லும் இதில் ஒரு பங்குடையவர் என்பதைப் பலர் அறியார். இரேடியத் துணுக்கு ஒன்றை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துப் புற்றுக்கட்டியின் நடுவிலேயே செருகினால் என்ன என்று அவர் 1903 இல் வைத்தியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

அன்று தொட்டே இச்சிகிச்சையின் கழுத்தில் விலை என்னும் கயிறு கட்டப்பட்டிருந்தது. 1921 ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கப் பெண்கள் திரட்டிய நிதியைக் கொண்டு வாங்கிய ஒரு கிராம் இரேடியத்தை, சனாதிபதி ஆடிங், மேரி கியூரி அம்மையாருக்கு வெள்ளை மாளிகையில் வைத்து வழங்கினார். அந்த ஒரு கிராமின் விலை 100,000 டொலர். உலகம் போற்றிய அம்மையாருக்கே தாம் கண்டறிந்த பொருளை வாங்கப் பிறர் பணம் திரட்டவேண்டியிருந்தது என்றால், சிறிய வைத்தியசாலைகளின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. ஆகவே அமெரிக்காவில் இரேடியத்தை வாடகைக்குக் கொடுக்கும் வணிகர் தோன்றினர். ஊசிகளை எடுத்துச் சென்று, நோயாளிக்கு வைத்து, எண்ணித் திருப்பிக் கொடுக்கவேண்டும். அக்காலத்து வைத்தியர்கள் சிகிச்சையின் அளவை 'மில்லிகிராம்-மணி' என்று எழுதினர். 50 மில்லிகிராம் இரேடியத்தை 24 மணி நேரம் வைத்தால் 1,200 மில்லிகிராம்-மணி. எவ்வளவு பொருள், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் வைத்தியருக்கும் வேண்டும்; வாடகை கேட்பவனுக்கும் வேண்டும். சிகிச்சைக் குறிப்பும் கடைக்காரன் கொப்பியும் ஒரே மொழி பேசிய காலம் அது.

அந்த எளிமை நீடிக்கவில்லை. இரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 1,600 ஆண்டு. ஒருமுறை வாங்கினால் வைத்தியசாலையின் கட்டடத்தைப்போல அது நிலைத்த சொத்து. பின்னர் அதனிடத்தைப் பிடித்த பொருள்கள் அத்தகையன அல்ல. இரிடியம்-192 இன் அரைவாழ்வு 74 நாள். அயடீன்-125 இனது 59 நாள். பலேடியம்-103 இனது 17 நாள். சீசியம்-131 இனதோ பத்து நாளும் நிறையாதது. இவை பெட்டியில் இருக்கும்போதே தேய்ந்துகொண்டிருப்பவை. சந்தைக்கு வந்த மீனைப்போல் இன்று விலையுள்ளது, பொழுதுபோனால் விலையற்றது. சொத்தாக இருந்த கதிர், செலவாகிவிட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகத் தருவிக்கவேண்டிய பொருளை எவ்வாறு எண்ணுவது, யார் கணக்கில் எழுதுவது என்ற வினா அங்கேதான் எழுந்தது.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோர்க்கு அரசாங்கமே வைத்தியச் செலவைப் பொறுக்கும் மெடிக்கெயர்ச் சட்டம் 1965 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் நாள் சனாதிபதி யோன்சனாற் கையொப்பமிடப்பட்டது. அடுத்த ஆண்டில் அமெரிக்க வைத்தியச் சங்கம், வைத்தியர் செய்யும் ஒவ்வொரு கருமத்துக்கும் ஓர் எண் கொடுத்து ஒரு நூலை வெளியிட்டது. முதலில் நான்கிலக்கமாயிருந்த எண்கள் 1970 இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஐந்திலக்கமாயின. 1983 இல் மெடிக்கெயர் அதனைத் தன் முறையாக ஏற்றுக்கொண்டது. அதன்பின் அமெரிக்க வைத்தியர் ஒருவர் கத்தியைக் கையிலெடுத்தாலும் ஊசியைக் கையிலெடுத்தாலும் அதற்கோர் எண் காத்திருக்கிறது. எண்ணில்லாத வேலைக்குக் கூலி பெறுதல் கடினம்.

அண்மைக் கதிர்ச் சிகிச்சைக்கு ஓர் எண் போதாது என்பதே இதன் தனித்தன்மை. குடல்வாலை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையிற் கத்தி வைத்தவர் ஒருவர். அவர் செய்த வேலையும் ஒன்று. கதிர்விதை வைப்பதிலோ பல கைகள் சேர்கின்றன. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே அமைந்துள்ள புரொஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயை உதாரணமாகக் கொள்வோம். காதுக்கெட்டாத ஒலியலைகளின் துணையால் அச்சுரப்பியைப் படமாகப் பார்த்துக்கொண்டே விதை வைக்கும் முறை, 1980 களிற் கோபன்கேகன் நகரிலும் பின்னர் அமெரிக்காவின் சியாற்றில் நகரிலும் வளர்ந்தது. விதை என்பது தித்தேனியம் என்ற உலோகத்தாலான சின்னஞ்சிறு கூடு. நாலரை மில்லிமீற்றர் நீளம். ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்பு. நெல்மணியிலும் மெலிந்தது. அதனுள்ளே அயடீனோ பலேடியமோ உறைந்திருக்கும்.

முதலிற் கதிர்வைத்தியர் சிகிச்சையைத் திட்டமிடுகிறார், அதற்கோர் எண். சுரப்பியின் வடிவத்தை ஒலியலைப் படத்தால் அளக்கிறார்கள், அதற்கோர் எண். எந்த விதை எங்கே இருந்தால் எவ்விடத்துக்கு எவ்வளவு கதிர் சேரும் என்று பௌதிக நிபுணர் கணித்துப் படம் வரைகிறார், அதற்கோர் எண். சிகிச்சை நாளிற் சிறுநீரக வைத்தியர் ஊசிகளைச் சுரப்பிக்குள் ஏற்றுகிறார், அது 55875. அவ்வூசிகளின் வழியாகக் கதிர்வைத்தியர் விதைகளை இடுகிறார், அது 77778. ஊசி ஏறும்போது வழிகாட்டிய ஒலியலைப் படத்துக்கு 76965. இவற்றின்மேல் விதைகளுக்குத் தனிக் கணக்கு. இவை ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரியக்கூடும். வைத்தியரின் அறிவுக்கும் உழைப்புக்கும் ஒரு பங்கு. பொறி, அறை, தாதி, மின்சாரம் ஆகியவற்றுக்கு ஒரு பங்கு. முன்னையதைக் குறிக்க எண்ணின் பின்னால் 26 என்ற ஒட்டு இடப்படும். வைத்தியர் வைத்தியசாலையின் ஊழியராக இன்றித் தனியே தொழில் செய்பவராயிருந்தால், ஒரே நாளின் ஒரே வேலைக்கு இரண்டு சிட்டைகள் இரண்டு முகவரிகளிலிருந்து நோயாளியின் வீட்டுக்கு வந்து சேரும். ஒரே கறிக்கு இருமுறை காசு கேட்கிறார்கள் என்று அவர் கோபிப்பது இயல்பே. உண்மையில் ஒன்று சமைத்தவர் கூலி, மற்றது அடுப்பும் சட்டியும்.

இந்த எண்கள் எவற்றை எண்ணுகின்றன என்பது நுட்பமான செய்தி. குழாய்களைக் கருப்பை போன்ற உட்குழிவுக்குள் வைத்துக் கதிரிடும் பழைய முறையில், கதிர்ப்பொருள்களின் தொகையே அளவுகோல். ஒன்று முதல் நான்கு வரை எளியது. ஐந்து முதற் பத்து வரை இடைத்தரம். பத்துக்கு மேற்பட்டது சிக்கலானது. இவை 77761, 77762, 77763 என எண் பெற்றன. இரேடிய ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கையால் வைத்த காலத்தின் சாயல் இந்த வரிசையில் இன்னும் இருக்கிறது. ஆனாற் புதிய பொறிகளிற் கதிர்ப்பொருள் ஒன்றே ஒன்று. கம்பியொன்றின் நுனியில் ஒட்டிய சிறு இரிடியத் துண்டு, ஈயம் முதலியவற்றாற் காக்கப்பட்ட பெட்டிக்குள்ளிருந்து வெளிவந்து, நோயாளியின் உடலிற் பொருத்திய குழாய்களுள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து, ஆங்காங்கே சில விநாடிகள் தங்கி, மீண்டும் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். வீடுவீடாகத் தட்டிச் செல்லும் தபாற்காரர் ஒருவரே. அவர் தொகையை எண்ணிப் பயனில்லை. எனவே அவர் புகுந்த வீதிகளை எண்ணினர். ஒரு குழாயாயின் 77770. இரண்டு முதற் பன்னிரண்டு வரையாயின் 77771. பன்னிரண்டுக்கு மேற்பட்டால் 77772. 2016 ஆம் ஆண்டில் இவ்வெண்கள் நடைமுறைக்கு வந்தன.

அந்த இரிடியத் துண்டின் விலையை எழுதுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அது ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படும். அதற்குள் அது பல நோயாளிகளுக்குப் பணி செய்திருக்கும். ஆகவே முழு விலையையும் ஒருவர் தலையிற் சுமத்தாமல், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பங்கு எனக் கணக்கிடுகிறார்கள். துண்டு புதிதாக வந்த அன்று பத்து நிமிடத்தில் முடிந்த சிகிச்சை, 74 நாள் கழிந்தபின் இருபது நிமிடம் எடுக்கும். நோயாளி மேசையிற் கிடக்கும் நேரம் இரட்டித்தாலும் சிட்டையின் எண் மாறாது. கதிரின் அளவு ஒன்றேயாதலால் அது நியாயமே.

இனி விதைக்கணக்கு. திட்டப்படி 90 விதைகள் தருவிக்கப்பட்டன என வைத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சை அறையிற் சுரப்பி எதிர்பார்த்ததிலும் சற்றே சிறுத்திருக்கிறது. வைத்தியர் 84 விதைகளை இட்டு நிறுத்திக்கொள்கிறார். ஆறு எஞ்சின. சிட்டையில் எழுதவேண்டியது 84 ஆ, 90 ஆ? மெடிக்கெயரின் விதி இதனைப் பொறுமையோடு ஆராய்ந்திருக்கிறது. விதைகள் அந்த நோயாளிக்கெனவே வைத்தியரின் கட்டளைப்படி தருவிக்கப்பட்டிருக்கவேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை இடப்பட்டிருக்கவேண்டும். எஞ்சியவை சிலவே ஆகவேண்டும். அவை வேறொருவருக்குப் பயன்படுத்தப்படாமல் முறைப்படி அகற்றப்பட்டிருக்கவேண்டும். இவை யாவும் பொருந்தினால் 90 என எழுதலாம். எஞ்சிய ஆறும் அலமாரிக்குத் திரும்பி அடுத்த வாரம் இன்னொருவர் உடலுக்குச் சென்றிருந்தால், அவற்றுக்கு முதல்வரிடம் காசு கேட்பது குற்றம். எனவே அந்த ஆறு விதைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரேனும் ஒருவர் அன்றே எழுதிவைக்கவேண்டும். எழுதவில்லையாயின், மூன்று மாதத்தின்பின் கணக்காய்வாளர் கேட்கும்போது எவராலும் நினைவிலிருந்து சொல்ல இயலாது.

விதைகளுக்குத் தனிக் கணக்கு வந்ததும் எளிதில் நடந்த காரியமன்று. ஒரு சிகிச்சைக்கு ஒரு மொத்தத் தொகை என்று கொடுத்தால், 60 விதை வேண்டிய சுரப்பிக்கும் 120 விதை வேண்டிய சுரப்பிக்கும் ஒரே பணம் கிடைக்கும். பெரிய சுரப்பியுடையவரை ஏற்றுக்கொள்ள வைத்தியசாலை தயங்கும். மலிந்த விதையையே வாங்கும் ஆசையும் எழும். அமெரிக்கக் காங்கிரசு 2003 இல் இயற்றிய மெடிக்கெயர்த் திருத்தச் சட்டத்தில் இதற்கென ஒரு பிரிவு இடம்பெற்றது. கதிர்விதைகளின் எண்ணிக்கை, அவை எந்த மூலகம், அவற்றின் கதிர்வலிமை எவ்வளவு என்ற மூன்றையும் பிரதிபலிக்குமாறு அவற்றுக்குத் தனியே பணம் கொடுக்கவேண்டும் என அது விதித்தது. 2004 தொடக்கம் அவ்வாறே நடந்தது. 2006 இல் வந்த மற்றொரு சட்டம் இன்னும் ஒருபடி நுழைந்து பார்த்தது. தனித்தனியே உதிரியாக இடப்படும் விதைகள் சில வேளை இரத்த ஓட்டத்தோடு நழுவி நுரையீரலுக்கே போய்விடுவதுண்டு. அதைத் தடுக்க, கரையக்கூடிய நூலில் விதைகளைக் கோத்து மாலைபோல் இடும் முறை வந்தது. கோத்த விதைக்கு விலை அதிகம். இரண்டையும் ஒரே எண்ணில் எழுதினால் கோத்ததை வாங்குபவர் நட்டமடைவார். ஆகவே 2007 யூலை முதற் கோத்த அயடீன் விதைக்கு சி-2638 என்றும், உதிரி விதைக்கு சி-2639 என்றும் எண்கள் பிரிந்தன. கடைசி இலக்கத்தில் ஒன்று கூடிய இந்த வேற்றுமையைத் தட்டெழுத்திற் பிழைவிட்டால், அந்தப் பிழை 90 ஆற் பெருக்கப்படும். ஏனெனில் எண் ஒன்று, அளவு 90.

செய்த வேலையைச் சொல்லும் எண்களோடு, எதற்காகச் செய்தார்கள் என்பதைச் சொல்லும் நோய்க்குறியீடும் வேண்டும். இதன் வரலாறு பழையது. பாரிசு நகரத்துப் புள்ளிவிவர அறிஞர் சாக் பேட்டியோன் வகுத்த மரண காரணப் பட்டியல் 1893 இற் சிக்காகோ நகரிற் கூடிய அனைத்துலகப் புள்ளிவிவர நிறுவகத்தாற் கைக்கொள்ளப்பட்டது. இறந்தவர்களை எண்ணப் பிறந்த அப்பட்டியல், 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வளர்ந்து, இன்று அமெரிக்காவில் உயிரோடிருப்பவரின் சிட்டையிலும் ஏறி நிற்கிறது. அதன் பத்தாம் திருத்தத்தை அந்நாட்டார் 2015 ஒற்றோபர் முதலாம் நாள் கட்டணச் சிட்டைகளுக்கு ஏற்றனர். புரொஸ்டேட் புற்றுநோய் சி-61. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் சி-53.

இங்கே புதிய எழுதுவினைஞர் பலர் கால் இடறும் ஓர் இடம் உண்டு. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சைக்கு மாத்திரம் ஒருவர் வந்தால், 'கதிர்ச் சிகிச்சைக்காக வந்தவர்' எனப் பொருள்படும் இசட்-51.0 என்ற குறியீட்டை முதலிலும், புற்றுநோயின் குறியீட்டை அதன் பின்னும் எழுதவேண்டும். கதிர்ப்பொருளை உடலினுள் வைப்பதற்காக வந்தாலோ, புற்றுநோயே முதலில் நிற்கும், இசட்-51.0 எழுதவே கூடாது. ஒரே நோயாளி, ஒரே நோய், இரண்டும் கதிரே. வரிசை மட்டும் மாறுகிறது. விதியைப் படியாமல் அறிவைக் கொண்டு ஊகிப்பவர் நிச்சயமாகத் தவறுவார்.

இத்தகைய எழுதுவினைஞர்கள் நோயாளியைக் காண்பதில்லை. வைத்தியர் எழுதிய குறிப்பு ஒன்றே அவர்களுக்கு நோயாளி. அதில் எழுதப்படாதது நடக்கவில்லை என்பதே அவர்களின் தொழில்விதி. மூன்று குழாய்களைப் பொருத்திய வைத்தியர் களைப்பினால் 'குழாய்கள் வைக்கப்பட்டன' என்று மட்டும் எழுதிவிட்டால், எழுதுவினைஞர் மூன்றென்று கற்பிக்க உரிமையில்லை. திரும்பக் கேட்கவேண்டும்; அல்லது குறைந்த எண்ணை எழுதவேண்டும். கூடுதலாக எழுதினால் வேறோர் ஆபத்து. உள்நாட்டுப் போரின்போது அரசாங்கத்துக்குப் பழுதான பொருள்களை விற்றவர்களைத் தண்டிக்க இலிங்கன் காலத்தில், 1863 இல், இயற்றிய பொய்க்கோரிக்கைச் சட்டம் இன்று வைத்தியசாலைகளின் மேலும் பாய்கிறது. அறிந்து செய்த பொய்க் கோரிக்கைக்கு அரசாங்கம் அடைந்த நட்டத்தின் மும்மடங்கு வரை அறவிடலாம். 1996 முதல் மெடிக்கெயர், ஒருங்கே எழுதக்கூடாத எண்களைச் சோடி சோடியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. கதிர்ப்பொருளைக் கையாளுதற்கும் ஏற்றுதற்கும் உரிய 77790, முன்னர் விதையிடும் 77778 உடன் எழுதப்பட்டது. 2016 இல் அந்த வேலை 77778 இனுள்ளேயே அடக்கப்பட்டது. பழைய பழக்கத்தால் இரண்டையும் எழுதினால் இரண்டாவது மறுக்கப்படும். மறுப்புக் கடிதத்தின் பிரதி நோயாளிக்கும் செல்லும். சிகிச்சை மறுக்கப்பட்டதோ என்று அவர் ஓர் இரவு தூங்காமல் இருப்பார்.

அந்தத் தூக்கமின்மைக்குக் காரணம் உண்டு. மெடிக்கெயரின் வெளிநோயாளர் பகுதியில் அங்கீகரித்த தொகையில் நூற்றுக்கு 20 பொதுவாக நோயாளியின் பொறுப்பு. வேறு காப்புறுதி இல்லாதவர் அதனைத் தம் கையிலிருந்து கொடுக்கவேண்டும். எனவே விதைக்கணக்கிற் பிழை நேர்ந்தால் அரசாங்கம் மட்டும் நட்டப்படுவதில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரும் படுகிறார்.

இதனிலும் பெரிய நட்டம் ஒன்று உண்டு. அது சிட்டையில் வராதது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு வெளிக்கதிர் மட்டும் போதாது. உட்கதிரும் சேரவேண்டும் என்பது வைத்தியர்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட நெறி. 1988 முதல் 2009 வரை அமெரிக்காவில் இச்சிகிச்சைக்குரிய 7,000 க்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டனர். தொடக்கத்தில் நூற்றுக்கு 83 பேர் உட்கதிர் பெற்றிருந்தனர். முடிவில் 58 பேரே பெற்றனர். உட்கதிர் பெற்றோருள் நான்கு ஆண்டின் பின்னும் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 58, பெறாதோருள் 46. மருந்து முன்னேறிய காலத்தில், பயனென்று தெரிந்த ஒரு சிகிச்சை பின்வாங்கியது.

காரணம் ஒன்றென்று சொல்லல் நேர்மையாகாது. வெளிக்கதிரைக் கூர்மையாக வளைத்துப் பாய்ச்சும் புதிய பொறிகள் வந்தன; அவை உட்கதிருக்கு ஈடாகும் எனச் சிலர் நம்பினர். பயிற்சிக் காலத்திற் போதிய நோயாளிகளைக் காணாத இளம் வைத்தியர்கள் குழாய் பொருத்த அஞ்சினர். ஆனாற் கணக்கையும் மறைத்தல் ஆகாது. வெளிக்கதிர்ப் பொறி ஓடும்போது வைத்தியர் அருகில் நிற்கவேண்டுவதில்லை. நாள்தோறும் பலர் வந்து படுத்து எழுந்து செல்வர். வாரக்கணக்கில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் எழுதப்படும். உட்கதிருக்கோ மயக்கமருந்து வேண்டும். சத்திரசிகிச்சை அறை வேண்டும். கருப்பைக்குள் நடுக்குழாயையும் அதன் இருமருங்கும் குமிழ்களையும் பொருத்தவேண்டும். படம் எடுத்து, அன்றே கணித்து, அன்றே சிகிச்சை செய்து, கழற்றவேண்டும். வைத்தியரும் பௌதிக நிபுணரும் உடனிருந்தேயாகவேண்டும். அரை நாள் கழியும். சிட்டையிற் பொருத்தியதற்கு 57155, கதிரிட்டதற்கு 77771, கணிப்புக்கு ஒன்று, இன்னும் இரண்டொன்று. இப்படி நாலைந்து முறை. மணிக்கூட்டை வைத்து அளந்த ஆய்வுகள், வைத்தியர் செலவிடும் நேரத்தோடு ஒப்பிடும்போது உட்கதிருக்குக் கிடைக்கும் பணம் குறைவென்றே காட்டின. எந்த வைத்தியரும் காசு குறைவென்று ஒரு பெண்ணைக் கைவிட்டதாகச் சொல்லமாட்டார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அறை ஒதுக்குபவரும், பொறி வாங்குபவரும், நிபுணரை வேலைக்கு அமர்த்துபவரும் கணக்கேட்டைப் பார்த்தே முடிவு செய்கின்றனர். அவ்வாறு அறை இல்லாமற்போன ஊரில் வைத்தியரின் நல்லெண்ணம் என்ன செய்யும்? அடுத்த ஊருக்கு அனுப்புவார். அடுத்த ஊர் 200 மைல் தொலைவில் இருக்கும். குருதி கசியும் நிலையில், நாலைந்து முறை, அந்தத் தூரத்தைக் கடக்க எல்லாராலும் இயலாது.

இந்த நிலையிற் குழாய்களின் தொகையைச் சரியாக எழுதிய ஒரு குறிப்பு, ஓர் அறையைத் திறந்து வைத்திருக்கிறது எனலாம். நடுக்குழாய் ஒன்று, குமிழ் இரண்டு, ஆக மூன்று வழிகள் என ஒரு வரி எழுதினால் 77771. அவ்வரி இல்லையேல், ஒரு வழிக்குரிய 77770 தான் நிற்கும். நாலைந்து முறையும் அந்த ஒரு வரி விடுபட்டால், செய்த வேலைக்குரிய பணம் வைத்தியசாலைக்கு வாராது; ஆண்டு முடிவில் அந்த அறை நட்டத்தில் நடப்பதாகவே ஏட்டிற் காணப்படும்.

2021 ஆம் ஆண்டு சனவரி முதல் அமெரிக்க வைத்தியசாலைகள் தம் கட்டணங்களைப் பொதுவிற் பிரசுரிக்கவேண்டுமென விதி வந்தது. நோயாளி கேட்டால் வரிவரியாகப் பிரித்தெழுதிய சிட்டையையும் கொடுப்பார்கள். அதனைச் சிகிச்சைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் முதியவருக்கு ஒரு துணை அவரது உடலிலேயே இருக்கிறது. விதை வைத்து ஏறக்குறைய ஒரு மாதம் சென்றபின், வீக்கம் வடிந்த சுரப்பியைக் குறுக்குவெட்டுப் படமாக எடுத்து, விதைகள் எங்கெங்கே அமர்ந்தன என்று பௌதிக நிபுணர் பார்ப்பார். கதிரின் அளவு சரியாகச் சேர்ந்ததா என்பதை அறிவதற்கே அந்தப் படம். ஆனால் அதற்காக அவர் முதலிற் செய்வது எண்ணுவதே. தித்தேனியக் கூடுகள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். 84 இட்டதாகக் குறிப்பிருந்து படத்தில் 83 தெரிந்தால், ஒன்று சிறுநீரோடு போயிருக்கலாம், அல்லது நுரையீரலுக்கு நகர்ந்திருக்கலாம். நெஞ்சைப் படமெடுத்துத் தேடுவர். அயடீனின் கதிர் இரண்டு ஆண்டுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும். கூடுகள் மாத்திரம் அவர் வாழ்நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த வைத்தியர் எப்போது படம் எடுத்தாலும் அவற்றை எண்ணிக்கொள்ளலாம்.